வீட்டில் பேசிய வசனம்

ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் ‘உப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே அவரைத் தெரியாது.

படங்கள் பேச ஆரம்பித்த புதிது அது. திரையில் வந்தவர்கள் எல்லாரும் மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி பேசினார்கள். புருஷன் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி, “நாதா, இத்துணைத் தாமதத்தின் காரணம் யாதோ?” என்பாள். அவனும் கையை நீட்டி நாலு வரி பதில் சொல்லுவான். அப்போது அவருக்கு வசனம் எழுதும் வேலை கிடையாது. படப்பிடிப்புக் கூடத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, பெரிய எழுத்தாளர் எழுதியதை நடிகர்களுக்குத் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுப்பார். கார்பன் பேப்பர் பட்டு விரல்களெல்லாம் எப்போதும் நீலமாக இருக்கும்.

ஒருநாள் பெரிய எழுத்தாளர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுப் போய்விட்டார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நடிகை வேஷத்தோடு நின்றாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு, “யாராவது ரெண்டு வரி எழுதிக் குடுங்கய்யா, புண்ணியமாப் போகும்” என்று கத்தினார். பிரதி எடுப்பவர் பயந்துகொண்டே ஒரு தாளை நீட்டினார். நேரம் கழித்து வரும் புருஷனைப் பார்த்து நடிகை அதைப் பேசினாள்: “வாங்க. வீடு மறந்துபோயிருக்கும், வழி காட்ட ஆள் அனுப்பலாமான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.”

ஏணி மேல் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவன் ‘குபுக்’கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது என்று ஒலிப்பதிவாளர் குதித்தார். மூலையில் உட்கார்ந்திருந்த முதலாளி மட்டும் எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “இத்தனை நாளா உப்பில்லாமத் தின்னுக்கிட்டிருந்தோம்யா” என்றார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அந்த வரி அவர் யோசித்து எழுதியது இல்லை. முந்தின நாள் அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி சொன்னது.

அவள் தையல்காரர் ஒருவரின் மகள். இரண்டு அறைகளில் பத்துப் பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள். “எங்க வீட்ல வாய் இல்லாததுக்குச் சோறு இல்லீங்க” என்பாள். சண்டை போட்டாலும், கொஞ்சினாலும், பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுத்தாலும், அவள் பேச்சில் எங்கேயாவது ஓர் இடத்தில் பொறி தெறிக்கும். வீட்டுச் சொந்தக்காரரைப் பற்றி, “அவர் சிரிச்சா சுவத்துக் காரையே பயந்து உதிருது” என்பாள். ஊர் உலகத்தையே தான் தாங்குவதாகப் பெருமையடிக்கும் உறவுக்காரரைப் பற்றி, “அவர் பேச்சுக்குக் கால் மட்டும் இருந்தா இந்நேரம் ஊரைச் சுத்திட்டு வந்திருக்கும்” என்பாள். சொன்னதில் எது நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. சொன்ன கையோடு மறந்துவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவாள். அவருக்குத் தெரியும். அதுதான் அவர் தொழிலாக ஆகிப்போனது.

முதல் படத்தைக் கொட்டகையில் பார்த்தபோது அவள் அவர் தொடையைக் கிள்ளினாள். “ஏங்க, இது நான் சொன்னது!” பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாளிடமும், “இது நான் சொன்னதுங்க” என்றாள். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும் வரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போது, “இன்னைக்கு என்கிட்ட என்ன திருடப் போறீங்க?” என்று கேட்பதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

படங்கள் ஓடின. பெரிய வீட்டுக்கு மாறினார்கள். காலையில் அழைத்துப்போக ஸ்டூடியோ கார் வந்தது. திரையில் அவர் பெயர் இயக்குநர் பெயர் அளவுக்குப் பெரிதாக வந்தது. இளம் எழுத்தாளர்கள் அவரிடம், “இந்த மாதிரிப் பேச்செல்லாம் எங்கண்ணே பிடிக்கிறீங்க?” என்று கேட்டார்கள். அவர் சிரித்து மழுப்புவார். அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனும் அம்மாவைப் போலவே வாயாடி.

அவன் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று டாக்டர்கள் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. வீடு நிறைய மனிதர்கள் வந்தார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “அழுதுடும்மா, அழுதுடு” என்றார்கள். அவள் அழவில்லை. வெளியே பார்த்தாள். “அவன் செருப்பு வாசல்ல கிடக்கு. மழை வரப்போகுது. யாராவது எடுத்து உள்ள வைங்க” என்றாள். உடைந்து அழுதுகொண்டிருந்த அவருக்குள் அந்த நிமிடத்திலும் ஒரு காது திறந்துகொண்டு அதைக் கேட்டது. அதற்காகத் தன்னையே வெறுத்தார். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

பல மாதங்கள் கழித்து, ஒரு மத்தியான நேரம், அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் நிமிராமலே பேசினாள்.

“காய்ச்சல் வந்த அன்னைக்குக் காலையில அவனை அடிச்சேங்க. உங்க மைப்புட்டியைக் கொட்டிட்டான்னு. முதுகுல ஒண்ணு வெச்சேன். அழல. திரும்பி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். உடம்பு அப்பவே சுட்டிருக்கணும். இந்தக் கைக்குத் தெரியலையே. என்ன கைங்க இது, புள்ளை உடம்புச் சூடு கூடத் தெரியாத கை.”

அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்காகிட்டகூடச் சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்றாள்.

அவளுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். கணவனை இழந்து, துணி தைத்துப் பிழைப்பவள். தங்கையிடம் ஒளிவு மறைவு இல்லாதவள். அந்த அக்காவிடமும் சொல்லாததைத்தான் அவள் அவரிடம் சொன்னாள்.

இரண்டு வருஷம் போனது. முதலாளிக்குப் பெண்கள் அழுதுகொண்டே வெளியே வரும் படம் ஒன்று வேண்டியிருந்தது. கதையில் ஒரு குழந்தை சாக வேண்டும். உப்பு எழுதிய கதையில் குடித்துவிட்டு வரும் அப்பா குழந்தையை அடிக்கிறான். அது மழையில் ஓடிப்போய், காய்ச்சல் வந்து சாகிறது. முதலாளி அறையில் கதையைப் படித்துக் காட்டினார். அப்பாவாக நடிக்கவிருந்த கதாநாயகன் பாதியிலேயே கையைத் தூக்கினான்.

“நான் குழந்தையை அடிச்சா அப்புறம் என் படத்தை எவன் பார்ப்பான்?”

முதலாளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “சரி, அப்ப அம்மா அடிக்கட்டும். அடிச்ச பாவத்துக்குக் கடைசிவரை அழட்டும். இவர் மன்னிக்கட்டும். என்ன உப்பு?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். முன்னால் வைத்திருந்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. வேறு மாதிரி செய்யலாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். “யோசிக்கிறேன் முதலாளி” என்றார்.

தகரக் கூரை அறைக்கு வந்து உட்கார்ந்தார். முக்கியமான அந்தக் காட்சியை எழுத ஆரம்பித்ததும் வேறு எந்தப் பேச்சும் வரவில்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னதுதான் வந்தது. எழுதும்போது அழுதார். அழுதுகொண்டே எழுதியதால் அதில் தப்பு இருக்க முடியாது என்று நம்பிவிட்டார். அவளிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் புறப்பட்டார். சொல்லாமலேயே வந்து சேர்ந்தார். படப்பிடிப்பில் கதாநாயகி ஒரே முறையில் அதைப் பேசி முடித்தாள். ஒலிப்பதிவாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முதல் காட்சிக்கு அவள் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். திரையில் கதாநாயகி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். “என்ன கை இது, புள்ளை உடம்புச் சூடு கூடத் தெரியாத கை.” கொட்டகை முழுக்க விசும்பல். அக்கா மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து நின்று, “அடிப்பாவி, புள்ளையைக் கொன்னுட்டு இப்ப அழுவுறியா!” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். “அதானே!” என்று பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன.

அவள் கடைசி வரைக்கும் பார்த்தாள். காரில் வரும்போது அவர், “நான் வந்து… முதல்ல அப்பாதான் அடிக்கிற மாதிரி…” என்று ஆரம்பித்தார். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பாடு இருந்தது. குளிக்க வெந்நீர் இருந்தது. சட்டையில் அறுந்த பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. பேச்சு மட்டும் இல்லை. முதலில், ஒரு வாரக் கோபம், சரியாகிவிடும் என்று நினைத்தார். பிறகு கெஞ்சினார். “ஊர்ல யாருக்குத் தெரியும் அது நீன்னு?” என்று வாதாடினார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “ஒரு வார்த்தை திட்டவாவது செய்யேன்!” என்று கத்தினார். அவள் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தெருவில் எங்கே போனாலும் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. குழாயடியில் பெண்கள், “அவளும் ஒரு தாயா?” என்று அவள் காது படவே பேசினார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் வந்தவளைத்தான் திட்டினார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

அடுத்து அவர் எழுதிய படம் படுத்துக்கொண்டது. அதற்கடுத்ததும் அப்படியே. அவர் படங்களில் மனிதர்கள் மறுபடியும் மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி பேச ஆரம்பித்திருந்தார்கள். “உப்பு தண்ணியில விழுந்துடுச்சு போல” என்று ஸ்டூடியோ சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லிச் சிரித்தார்கள். முதலாளி அவரைக் கூப்பிட்டு, “என்னய்யா ஆச்சு உனக்கு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல முதலாளி” என்றார்.

மத்தியானங்களில் அக்கா வருவாள். அவளிடம் மனைவி பழையபடி பேசுகிறாள் என்று அவருக்குத் தெரியும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உள்ளே பேச்சு நின்றுபோகும். அதனால் அவர் ஸ்டூடியோவிலிருந்து சீக்கிரமாகவே புறப்பட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக வந்து சமையலறை ஜன்னலுக்குக் கீழே நிற்க ஆரம்பித்தார். அவள் குரலைக் கேட்டாலே போதும் என்றுதான் முதலில் நின்றார். அப்படித்தான் அவர் நம்பினார். ஒருநாள் அவள் துணி உலர்த்த வாளியோடு பின்பக்கம் வந்தாள். சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த பென்சிலையும், சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் பாதி எழுதியிருந்த வரியையும் பார்த்தாள்.

மறுநாள் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் அங்கே போய் நின்றார். அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“அவ நல்லாத்தான் இருக்கா மாப்ள. பேசுறா, சிரிக்கிறா. உங்ககிட்ட பேசத்தான் ஒண்ணுமில்ல.”

“நான் எழுதுறதையே விட்டுடறேன் அக்கா.”

“அது அவளுக்கு எதுக்கு?” என்று கேட்டாள் அக்கா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர் நேரே முதலாளியிடம் போனார். அந்தக் காட்சியை எல்லாப் பிரதிகளிலிருந்தும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார். முதலாளி சிரித்தார். பிறகு அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். “யோவ், அந்தக் காட்சிதான்யா படமே. உன் வாழ்க்கையில நீ உருப்படியா எழுதினது அது ஒண்ணுதான். போய் முகத்தைக் கழுவிட்டு வா.” அவர், முதலாளியின் மேஜை மேலிருந்த பேப்பர்களையெல்லாம் வாரி இறைத்தார். இரண்டு பேர் வந்து பிடித்துக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். வாசல் காவலாளிக்கு மறுநாளிலிருந்து அவரை உள்ளே விட வேண்டாம் என்று உத்தரவு.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை கால் தவறி விழுந்தவன் படிகளில் உருளுவது போலத்தான் உருண்டது. சின்னக் கம்பெனிகள், பாதியில் நின்ற படங்கள், பிறர் பெயரில் எழுதிய நகைச்சுவைத் துணுக்குகள். குடி. பிறகு குடிக்கவும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. தலை நரைத்த பிறகு அவருக்கு நிலையாக அமைந்தது வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் வேலை. இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் யாரோ ஒரு வெள்ளைக்காரி வாய் திறந்து மூடும் அளவுக்குச் சரியாக ஒரு வாக்கியம் வெட்டித் தர வேண்டும். அர்த்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், உதடு மட்டும் ஒட்டினால் போதும் என்றார்கள். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார்.

அங்கேதான் ஒருநாள் அக்கா படியேறி வந்தாள். கிழவியாகியிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில இருக்கா. இனிமே ரொம்ப நாள் இல்லைன்னுட்டாங்க. வந்து பார்க்கணும்னு இருந்தா பாருங்க மாப்ள. அவ கூப்பிடல. நானாத்தான் சொல்றேன்.”

பெண்கள் வார்டில் வரிசையாகக் கட்டில்கள். வராந்தாவிலேயே அவள் குரல் கேட்டுவிட்டது. மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் நர்ஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஊசியை அவ குத்துறதைப் பார்த்தா, போன ஜென்மத்துல கோணி தைச்சிருப்பா போல.” அந்த அம்மாள் சிரித்தாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஆயா ஒருத்தி, “ஐயா, வழியில நிக்காதீங்க, பார்க்கிறதா இருந்தா உள்ள போங்க” என்று விரட்டினாள்.

அவரைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தில் எலும்புதான் இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு ஆவல் தாங்கவில்லை.

“யாரும்மா இவரு?”

அவள் கூரையைப் பார்த்தாள். “எங்க பையனோட அப்பா” என்றாள்.

“அப்படியா! பையன் வரலையா? எங்க இருக்கான்?”

அவள் கை போர்வையை இறுக்கிப் பிடிப்பதை அவர் பார்த்தார். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லும்படி விடக் கூடாது என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இல்லை. “வெளியூர்ல இருக்காம்மா” என்றார். “கப்பல்ல வேலை.”

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக.

“கப்பல்லயா! எந்தக் கரைக்கு வந்து போறான்?” என்றாள் அந்த அம்மாள்.

“எல்லாக் கரைக்கும் போவான். சின்ன வயசுலயே அவனுக்கு வீட்ல கால் தரிக்காது.” கையைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். “ஆளு உசரம். என்னை விட உசரம்.”

“அப்பா மாதிரி இல்லைன்னா அம்மா மாதிரியா?”

அவர் அவள் பக்கம் திரும்பினார். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“என்னை மாதிரிதான். ஆனா மீசைதான் இன்னும் சரியா வரல. நாலு முடியை வெச்சுக்கிட்டு நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிப்பான்.”

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் உதட்டோரம் சிரித்தாள். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அறைக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருஷத்தில் இல்லாத உற்சாகம். பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கி வந்தான், யாரைக் காதலித்தான், அந்தப் பெண்ணை அம்மாவுக்கு முதலில் பிடிக்காமல் பிறகு எப்படிப் பிடித்துப்போனது, எல்லாம் மளமளவென்று வந்தது. உட்கார்ந்து எழுதினார். அடித்தார், திருத்தினார். அவள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்று யோசித்து அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறுத்தம் வைத்தார். காலையில் முகம் மழித்துக்கொண்டு போனார். தாளைக் கொண்டு போகவில்லை. எல்லாம் மனப்பாடம்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். “கப்பல்காரர் அப்பா வந்துட்டாரு” என்றாள். அவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். பையனுடைய முதல் சம்பளத்தைச் சொன்னார். அந்த அம்மாள் ‘ம்’ கொட்டினாள். பெண் பார்த்த கதையைச் சொன்னார். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அந்த அம்மாள் சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு அவரிடமே கேட்டாள்.

“எழுதினதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“ஆமா” என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“என்னது எழுதினது?” என்று கேட்டாள் பக்கத்துக் கட்டில் அம்மாள்.

அதற்குப் பிறகும் அவர் தினமும் போனார். அவர் வந்து உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தூக்கமா இல்லையா என்று தெரியாது. வாரக் கடைசியில் ஒரு விடிகாலை அவள் உயிர் பிரிந்தது. அக்கா மட்டும் பக்கத்தில் இருந்தாள். அவர் போய்ச் சேரும்போது போர்வையை முகம் வரை இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா ஓரமாக நகர்ந்து ஸ்டூலைக் காட்டினாள்.

வண்டி வரும் வரைக்கும் வராந்தாவில் காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பையனுக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா? நடுக்கடல்ல இருந்தா எப்படி வருவான் பாவம், அம்மா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கலையே.”

அவர் வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. மறுபடியும் திறந்து மூடினார். அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லியாச்சும்மா” என்றாள் அக்கா. “நீங்க போய்ப் படுங்க.”